நீக்கற் கருவிக்கு விளக்கம் எழுதுதல்: விழுப்புரம், திண்டிவனம் ஆய்வறிவிப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வறிவிப்புகளைப் பேணும் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் நீக்கும் அதிகாரமும் ஒப்படைக்கப்படுகிறது. அக்கருவிக்கான விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது தோன்றும் ஊர்ப்பெயர்ச் சிக்கலையும் எண் மயக்கத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வறிவிப்பு, முகவர், நீக்கற் கருவி, பால்பகா அஃறிணை, ஊர்ப்பெயர்

முன்னுரை

கூகுள் ஸ்காலர் போன்ற தேடுதளங்களில் ஒரு தொடரைப் பதிந்துவைத்தால், அதற்குப் பொருந்தும் கட்டுரைகள் புதிதாகச் சேரும்போது மின்னஞ்சல் வரும். இத்தகைய பதிவுகள் பெருகும்போது அவற்றை ஒழுங்குபடுத்தும் பணியை முகவரிடம் விடுவது எளிதாகத் தோன்றுகிறது. முகவர் என்பது தனக்குத் தரப்பட்ட கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கும் மொழி மாதிரி அமைப்பு. எக்கருவியை எப்போது இயக்குவது என்பதை, பயனரின் கட்டளையோடு கருவியின் விளக்கக் குறிப்பையும் படித்தே அது முடிவு செய்கிறது. எனவே அக்குறிப்பு மொழியாராய்ச்சிக்கு உரிய பனுவலாகிறது.

ஊர்ப்பெயரும் இரட்டைப் பதிவும்

விழுப்புரம் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ழகரத்தை 'எல்' என்னும் எழுத்தாலும் குறிப்பர்; 'இசட்', 'எச்' ஆகியவற்றின் சேர்க்கையாலும் குறிப்பர். பகரம் ஓரிடத்தில் ஒற்றையாகவும் வேறிடத்தில் இரட்டையாகவும் வரும். திண்டிவனத்தின் முதலெழுத்தும் 'டி' எனவும் 'டி', 'எச்' எனவும் இருவகைப்படும். தமிழ்நாட்டு அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணையை வெளியிட்டுச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது, இச்சிக்கல் இன்னும் தீராமையைக் காட்டும்.

ஆட்சி எல்லை மாற்றம் இதனை மேலும் விரிவாக்குகிறது. விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. 1993க்கு முற்பட்ட கல்வெட்டு அறிக்கைகளில் திண்டிவனம் தென்னார்க்காடு மாவட்டத்து வட்டமாகவே இடம்பெறும். முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் குடைவரை பற்றிய பழைய கட்டுரைகளுக்கும் தென்னார்க்காடே முகவரி. அவற்றை மேற்கோள் காட்டும் புதிய ஆய்வுகளும் பழைய முகவரியையே எடுத்தாளுவதுண்டு. ஆகவே 'தென்னார்க்காடு' என்ற பதிவு காலாவதியானதன்று. 'விழுப்புரம்' என்பதன் நான்கு எழுத்துவடிவங்களும் ஒன்றன் நகல்களல்ல. இரட்டைப் பதிவுகளை நீக்குமாறு பணிக்கப்பட்ட முகவர் இவற்றையே முதலில் நீக்கக்கூடும். நீங்கியபின் மடல் வராது. வராத மடலை எவரும் தேடுவதில்லை; அத்துறையில் புதிய ஆய்வு எழவில்லை என்றே ஆய்வாளர் கொள்வார்.

எண் மயக்கம்

'பழைய அறிவிப்பை நீக்கு' என்னும் கட்டளை ஒன்றைச் சுட்டுகிறதா, பலவற்றைச் சுட்டுகிறதா? நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் எனக் குறிக்கும் வகை இது. எழுவாயாக வரின் 'வந்தது', 'வந்தன' என வினைமுற்று எண்ணைத் தெளிவாக்கும். செயப்படுபொருளாக வந்து ஏவல்வினை கொள்ளும்போது அத்துணை இல்லை; ஏவல் முன்னிலையாரின் எண்ணைக் காட்டுமேயன்றிச் செயப்படுபொருளின் எண்ணைக் காட்டாது. மனிதர் சூழலால் உணர்வர். முகவரோ பன்மையாகக் கொண்டு அனைத்தையும் நீக்கிவிடலாம்.

'அறிவிப்பு' என்னும் சொல்லும் இருபொருள்படுகிறது: பதிந்துவைத்த தேடலும் அறிவிப்பு, அதனால் வரும் மடலும் அறிவிப்பு. மடலை நீக்கினால் இழப்புச் சிறிது; தேடலை நீக்கினால் இனி வரவேண்டிய அனைத்தும் நின்றுபோகும். நன்னூற் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாகச் சொல்லும் மயங்க வைத்தல் இதுவே. முன்னதைக் 'கண்காணிப்புத் தேடல்' என்றும் பின்னதை 'அறிவிப்பு மடல்' என்றும் பிரித்து வழங்குவது நன்று.

குறிப்பின் அமைப்பு

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறையில், அடுத்த ஆண்டுத் திருத்தத்தின்போது கருவிகளுக்கான சிறு அடையாளங்கள் சேர்க்கப்பட்டன. படிக்க மட்டும் வல்லது, அழிக்க வல்லது, மீண்டும் இயக்கினும் கூடுதல் விளைவு தராதது என்பன அவற்றுள் சில. அவை வெறும் சுட்டுகளே, காவல் அல்ல. ஆதலால் வாசகமே தெளிவாக நிற்க வேண்டும். அதனைப் பின்வருமாறு அமைக்கலாம்:

"இக்கருவி ஒருமுறைக்கு ஒரு கண்காணிப்புத் தேடலை மட்டும் நீக்கும். அதன் அடையாள எண்ணைத் தருக. ஊர்ப்பெயரைக் கொண்டு ஊகிக்க வேண்டா. நீக்கியதை மீட்க இயலாது. எழுத்துக்கூட்டல் வேறுபட்ட தேடல்களை இரட்டைப் பதிவாகக் கொள்ளற்க. தேடற்றொடரைப் பயனருக்கு முழுமையாகக் காட்டி, அவர் இசைந்தபின் இயக்குக."

'கொள்ளற்க' என்பது இக்காலக் கணினித் தமிழுக்குச் சற்றுப் பழமையாகத் தோன்றலாம். எனினும் எதிர்மறை வியங்கோளில் ஐயத்திற்கு இடமில்லை.

கருவி திருப்பித் தரும் விடையும் குறிப்பின் பகுதியே. ஏற்கெனவே நீங்கிய எண்ணுக்குக் 'கிடைக்கவில்லை' என மட்டும் விடை வந்தால், முகவர் அதனைத் தோல்வியாகக் கருதி, அதையொத்த வேறு பதிவைத் தேடி நீக்க முனையலாம். 'முன்பே நீக்கப்பட்டது, மேற்செயல் வேண்டா' என்னும் விடை அதைத் தடுக்கும். நீக்கம் நிறைவேறியபோது, நீங்கிய தேடற்றொடர் எழுத்து மாறாமல் விடையில் இடம்பெற வேண்டும். ஆய்வாளர் அதைக் கண்டு மீண்டும் பதிந்துகொள்வதற்கு எஞ்சியிருக்கும் தடயம் அதுவே.