பக்கத்து மேசைக்காரர் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார்?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வு, குடிமைப் பணி என்று ஆளுக்கொரு இலக்கு. டீ குடிக்க எழும்போது அவர்களுக்குள் புழங்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்க தினம் எத்தனை மணி நேரம் படிக்கிறீங்க?" பத்து மணி நேரம் என்று பதில் வந்தால், எட்டு மணி நேரம் படித்தவருக்கு அன்று இரவு தூக்கம் போய்விடும். ஐ.டி. அலுவலகங்களில் அப்ரைசல் நெருங்கும்போது இதே கேள்வி, "அவன் எத்தனை மணிக்குக் கிளம்புறான்?" என்று உருமாறி வரும்.

இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். போட்டியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. இதை அல்ட்ரா மாரத்தான் ஓட்டக்காரர்களை வைத்துச் சொல்கிறேன். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் தாண்டி, நூறு, இருநூறு என்று ஓடுகிறவர்கள் அவர்கள். வருடக்கணக்கில் நீளும் தேர்வுக்கும் பதவி உயர்வுக்கும் அவர்களுடைய அனுபவம் நேராகப் பொருந்துகிறது.

முதலில் பெங்களூருக்குப் போவோம். 2022 ஜூலை 2, 3 தேதிகளில் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் ஆசிய, ஓசியானிய 24 மணி நேர ஓட்டப் போட்டி நடந்தது. தூரம் முன்கூட்டியே முடிவானதல்ல. ஒரு முழு நாளில் யார் அதிக தூரம் ஓடுகிறார் என்பதுதான் கணக்கு. இந்தியாவின் அமர் சிங் தேவந்தா 258.418 கிலோமீட்டர் ஓடினார். 400 மீட்டர் தடத்தில் அது 646 சுற்று. கோட்டூர்புரத்திலிருந்து தெற்கே அவ்வளவு தூரம் ஓடியிருந்தால் பெரம்பலூர் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பார்.

இத்தகைய போட்டியில் தடத்தின் ஓரம் மேசை போட்டு உப்பிட்ட உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கோலா என்று வைத்திருப்பார்கள். ஓட்டக்காரர்கள் நடந்தபடியே எடுத்துச் சாப்பிடுவார்கள். சிலர் நடுவில் சற்றுப் படுத்து எழுந்து மறுபடி ஓடுவார்கள். அதனால் இப்போது உங்களை விறுவிறுவென்று தாண்டிப் போகிறவர் உங்களைவிட இருபது சுற்று முன்னால் இருக்கலாம். முப்பது சுற்று பின்தங்கி, இப்போதுதான் ஓய்வெடுத்து வந்தவராகவும் இருக்கலாம். பக்கத்தில் ஓடுவதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, சுற்றுக் கணக்கைக் காட்டும் பலகையில் எண்ணைப் பார்த்தால்தான் உண்டு. அவரைத் துரத்தி வேகத்தைக் கூட்டுகிறவர் விடியற்காலையில் அதற்கான விலையைக் கொடுப்பார்.

நூலகத்தில் பக்கத்து மேசைக்காரர் அரசியலமைப்புப் பாடத்தைப் புரட்டுகிறார் என்றால், அது அவருக்கு முதல் வாசிப்பா மூன்றாவது ரிவிஷனா என்பது உங்களுக்குத் தெரியாது. அவருக்கு வீட்டு வாடகைக் கவலை உண்டா, மாலையில் டியூஷன் எடுக்கப் போகிறாரா என்பதும் தெரியாது. தெரியாத கணக்கை வைத்து உங்கள் வேகத்தை மாற்றாதீர்கள். உங்கள் பலகை உங்களுடைய மாதிரித் தேர்வு மதிப்பெண்தான். போன மாதத்து எண்ணோடு இந்த மாதத்து எண்ணை ஒப்பிடுங்கள், அது போதும்.

பயிற்சி முறை விஷயத்தில் இன்னும் தெளிவான பாடம் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. மோன் பிளாங்க் மலைத்தொடரைச் சுற்றி ஏறத்தாழ 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். யூ.டி.எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் போட்டியில் 2023இல் ஆண்களில் ஜிம் வாம்ஸ்லியும் பெண்களில் கோர்ட்னி டவுவால்டரும் வென்றார்கள். இருவரும் அமெரிக்கர்கள். ஒரே பாதை, ஒரே வாரக்கடைசி. தயாரிப்போ இரு துருவம்.

டவுவால்டர் முன்பு அறிவியல் ஆசிரியை. அவருக்குப் பயிற்சியாளர் கிடையாது, எழுதிவைத்த அட்டவணையும் கிடையாது. அன்றன்று உடம்பு என்ன சொல்கிறதோ அதன்படி ஓடுவார். அந்த ஒரே கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யூ.டி.எம்.பி. என்று நூறு மைல் அளவிலான மூன்று பெரும் போட்டிகளையும் வென்றார்.

வாம்ஸ்லியின் கதை வேறு. கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் 2016இல் சாதனை வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர், முடிவுக்குச் சில மைல் இருக்கும்போது ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு வழி மாறிப்போனார். 2019இல் அதே பாதையை 14 மணி 9 நிமிடத்தில் ஓடிச் சாதனை படைத்தார். வேகத்தில் அவருக்குக் குறையே இல்லை. ஆனாலும் யூ.டி.எம்.பி. மட்டும் கைகூடவில்லை, இரண்டு முறை பாதியில் நின்றுபோனார். குறை எங்கே என்று பார்த்தார். நீண்ட செங்குத்து ஏற்றங்களில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிப்பதில்தான் குறை. அரிசோனாவைவிட்டு பிரான்ஸின் மலைக் கிராமம் ஒன்றுக்கே குடிபெயர்ந்தார். அந்த வட்டாரத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் பிரான்சுவா டேன், அதே போட்டியை நான்கு முறை வென்றவர், நேரடிப் போட்டியாளர்! 2022இல் நான்காம் இடம், மறு வருடம் 19 மணி 37 நிமிடத்தில் வெற்றி. அந்தப் போட்டியை வென்ற முதல் அமெரிக்க ஆண் அவர்.

வாம்ஸ்லி டேனிடமிருந்து கால அட்டவணையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். தன்னிடம் இல்லாத ஒன்று எந்த மண்ணில் விளைகிறது என்று பார்த்து, அங்கே போனார். 2022இல் அதே ஓட்டத்தை வென்ற கிலியன் ஜோர்னெட், அப்பா பொறுப்பாளராக இருந்த மலைவிடுதியில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் வளர்ந்தவர். அவருடைய பயிற்சிக் குறிப்பை இருபத்தெட்டு வயதில் யார் நகலெடுத்தாலும் அந்தப் பிள்ளைப்பருவம் கூடவே வராது. தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பேட்டியில் வரும் "காலை நாலு மணிக்கு எழுந்தேன்" என்ற வரியை நான் நம்பாமலில்லை; ஆனால் அது அவர்களுடைய நாலு மணி.

ஆகவே, போட்டியாளரிடம் கேட்க வேண்டியவை இவை: எந்தப் பாடத்தில் தடுமாறினீர்கள், அதை எப்படிச் சரிசெய்தீர்கள்? எதைப் படிக்காமல் விட்டீர்கள்? களைத்துப்போனால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியமானது. தென்னாப்பிரிக்காவின் சுமார் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டத்தை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ், போட்டிக்கு முன் போதிய ஓய்வு எடுப்பதைப் பயிற்சியின் பகுதியாகவே வைத்திருந்தவர். தொடக்கத்தில் பின்னால் நிதானமாக ஓடிப் பிற்பாதியில் ஒவ்வொருவராகத் தாண்டுவது அவர் வழக்கம். மெயின்ஸுக்கு முந்தைய வாரம் இரவெல்லாம் விழித்துப் படிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் இதேதான். பதவி உயர்வு பெற்ற சகாவிடம் அவர் இரவு எத்தனை மணிவரை உட்கார்ந்தார் என்று கேட்காமல், எந்த வேலையை மறுத்தார், எதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

போட்டியாளரோடு பழகுவதால் இழப்பு வருமோ என்ற பயம் பலருக்கு. பெங்களூர் போட்டிக்குத் திரும்புவோம். அங்கே தனிநபர் பட்டியலும் உண்டு, அணிப் பட்டியலும் உண்டு. ஓர் அணியில் முதல் மூவர் ஓடிய தூரத்தைக் கூட்டுவார்கள். தேவந்தாவுக்கு அடுத்து சௌரவ் குமார் ரஞ்சன் 242.564, ஜீனோ ஆண்டனி 238.977. தேவந்தாவுக்கும் ஆண்டனிக்கும் நடுவே 48 சுற்றுக்கு மேல் இடைவெளி. ஆனால் மூன்றையும் கூட்டிய 739.959 கிலோமீட்டர் இந்தியாவுக்குத் தங்கம் தந்தது. இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியா நூறு கிலோமீட்டருக்கு மேல் பின்னால் இருந்தது.

அரசுத் தேர்வில் அணிப் பட்டியல் இல்லைதான்; ஆனால் உங்களோடு மோதுபவர்கள் லட்சக்கணக்கானவர்கள். கட்-ஆஃபை முடிவு செய்வது அந்தக் கூட்டம், எதிரில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. அவருக்கு நீங்கள் தரும் குறிப்பால் உங்கள் இடம் போகாது. இந்த வாரமே ஒரு விடைத்தாளை மாற்றிக்கொண்டு திருத்துங்கள். ஒரே ஒரு கட்டுரைக் கேள்வி போதும், இருவரும் தனித்தனியே நேரம் வைத்து எழுதுங்கள். மதிப்பெண்ணோடு, எந்தப் பத்தியில் படிக்கிறவருக்குச் சலிப்புத் தட்டியது என்பதையும் ஓரத்தில் குறித்துக் கொடுங்கள்.