கரைப்பானைக் கைவிடும் முன்

கொல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம், சர் சி. வி. ராமனின் பெயரால் நமக்கெல்லாம் தெரிந்த இடம். இன்று ஜாதவ்பூரில் இருக்கும் அந்தக் கழகத்தில் பி. சி. ரானுவின் குழு, 2000-ஐ ஒட்டி, அனிலினையும் ஆல்கைல் வைனைல் கீட்டோனையும் இண்டியம் குளோரைடு ஏற்றிய சிலிகா ஜெல்லின் மேல் வைத்து, மைக்ரோவேவில் (நுண்ணலையில்) சூடாக்கிக் குயினோலின்களைத் தயாரித்தது. வினை நடந்த கலவையில் கரைப்பான் கிடையாது. அந்த வழியில் ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியவை இவை.

1. கரைப்பான் செய்த வேலையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திறந்த குடுவையில் எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும்; எவ்வளவு சூடேற்றினாலும் கலவை அதற்கு மேல் போகாது. கரைப்பானை எடுத்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடும். தானே வெப்பம் உமிழும் வினை என்றால் கண்மூடித் திறப்பதற்குள் கைமீறும். அசைடு, பெர்குளோரேட், நைட்ரோ தொகுதிகள் நிறைந்த சேர்மங்கள் பக்கம் இந்த முறையோடு போகவே போகாதீர்கள்.

2. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பைத் தொடாதீர்கள். 1986-இல் கனடாவில் கெடியின் குழுவும் அமெரிக்காவில் ஜிகேரின் குழுவும் அப்படிப்பட்ட அடுப்பில்தான் மைக்ரோவேவ் வினைகளைத் தொடங்கின; ஆனால் அன்று வேறு கருவி இல்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. அடுப்புக்குள் அது ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் பாதி சக்தி என்று வைத்தால், முழுச் சக்தி விட்டுவிட்டு வருகிறது என்றுதான் பொருள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஆய்வக ரியாக்டரையே கேளுங்கள்.

3. ஆடி, ஆவணியில் கொல்கத்தாக் காற்றில் ஈரம் சொட்டும். திறந்து வைத்த சிலிகா ஜெல் அதைக் குடித்துவிடும். தண்ணீர் நுண்ணலையை நன்றாக உறிஞ்சுவதால், ஈரமான சிலிகா ஒரு மாதிரியும் காய்ந்தது வேறு மாதிரியும் சூடாகும். வைகாசியில் வந்த விளைச்சல் ஆவணியில் வரவில்லையென்றால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். ஓவனில் காயவைத்து, டெசிகேட்டரில் ஆறவைத்து, எடை போட்டு எடுங்கள்.

4. கலப்பதில் சோம்பல் கூடாது. சிலிகாவைப் போலவே தாங்கும் தூளாகப் பயன்படும் அலுமினா, காய்ந்திருந்தால் நுண்ணலையை அதிகம் உறிஞ்சாது. முனைவுள்ள வினைபொருள்தான் உறிஞ்சும். கட்டியாக நின்ற இடம் கருகும், மற்ற இடம் பச்சையாகவே கிடக்கும். தூள் எங்கும் ஒரே நிறமாகும்வரை அரையுங்கள்.

5. வாட்டையும் நிமிடத்தையும் மட்டும் நோட்டில் எழுதினால் அடுத்தவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது. வெப்பநிலையை எழுதுங்கள். பாதரச வெப்பமானியை உள்ளே வைக்கக் கூடாது. அகச்சிவப்பு உணரி குடுவையின் வெளிச்சுவரைத்தான் பார்க்கிறது. உள்ளே சூடு அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். முடிந்தால் ஃபைபர் ஆப்டிக் உணரியை வைத்துச் சரிபாருங்கள்.

6. அதே கலவையை, அதே வெப்பநிலையில், ஆயில் பாத்திலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கப்பேயின் குழு, நுண்ணலையை உள்ளே விடாத சிலிக்கான் கார்பைடு குடுவையில் கரைசல் வினைகள் பலவற்றைச் செய்து 2009-இல் வெளியிட்டது. சாதாரணக் கண்ணாடிக் குடுவையில் கிடைத்த விளைவே பெரும்பாலும் அதிலும் கிடைத்தது. வேகத்துக்குக் காரணம் பெரும்பாலும் வெப்பமே. ஒப்பிடாமல் மைக்ரோவேவின் மகிமை என்று எழுதாதீர்கள்.

7. கடைசியாக, கணக்கு. வினைபொருளைத் தூளில் ஏற்ற டைகுளோரோமீத்தேன், விளைபொருளைப் பிரிக்க எத்தில் அசிட்டேட், தூண் குரோமட்டோகிராஃபி ஓட்ட ஹெக்சேன்: இவற்றை மறைத்துவிட்டுக் கரைப்பான் இல்லை என்று தலைப்பிடுவது நேர்மையல்ல. கழிவு டின்னில் விழுந்த ஒவ்வொரு மில்லிலிட்டரையும் குறியுங்கள். அந்த எண் உண்மையிலேயே குறைந்தால்தான் உங்கள் முறை பசுமையானது. அதைக் குறைக்கும் ஆய்வுக்காகத்தான் உங்களைப் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள்.