பொதி கட்டுமுன் அளவறிதல்

கோபுரம் எழுப்புவோன் முதற்கண் செலவைக் கணக்கிட வேண்டுமென்பது நம் ஆண்டவர் உவமை. லினக்ஸ் கணிப்பொறியிற் கோப்புகளைச் சுருக்கிப் பொதியாக்குவார்க்கும் இது பொருந்தும். வட்டில் இடம் போதாதாயின் பொதி குறையாய் நின்றுவிடும்.

மூலக்கோப்புகளின் அளவை ‘டியூ’ என்னும் கட்டளை காட்டும். சுருங்கியபின் எஞ்சும் அளவைக் காட்டாது. என்னை? ஜிஸிப் (1992) முதலிய சுருக்கமுறைகள், மீண்டும் மீண்டும் வருவனவற்றைக் குறுங்குறியாற் சுட்டுவன. ஆதலின் எழுத்துக்கோப்பு மிகச் சுருங்கும். முன்னரே சுருக்கப்பட்ட ஜேபெக் படம் பெரும்பாலும் சுருங்காது. ஏட்டுச்சுவடிகளின் படங்களைச் சிறுவட்டில் அடக்கக் கருதுவோர் இங்கே ஏமாறுவர்.

சுருக்கிப் பார்த்தாலன்றிச் சரியளவு புலப்படாது. ஆயினும் சுருக்கியதைச் சேமிக்க வேண்டுவதில்லை.

டார் -ஸி -இஸட் -எஃப் - சுவடிகள் | டபிள்யூஸி -ஸி

என்று, ஆங்கிலச் சிற்றெழுத்துக்களால் ஏவுக. ‘எஃப்’ என்பதன்பின் நிற்கும் தனிக்கோடு, பொதியை வட்டில் எழுதாது வெளிவிடும். குழாயெனப்படும் நெடுங்கோடு அதனை அடுத்த கட்டளைக்குச் செலுத்தும். அக்கட்டளை பைட்டுகளை எண்ணித் தொகையுரைக்கும். ‘டிஎஃப்’ காட்டும் வெற்றிடத்தோடு அத்தொகையை ஒப்பிடுக.

இம்முறைக்கு வட்டில் இடம் வேண்டா, காலம் வேண்டும். சுருக்கும் வேலை இருமுறை நிகழுமன்றோ? கோப்புகள் மிகப் பலவாயின், ஒவ்வொரு வகையினும் சிலவற்றைச் சுருக்கி விகிதங் காண்க. அது மதிப்பீடே, ஆதலின் சிறிது இடம் மிகுதியாக வைத்துக்கொள்ளல் நன்று.