ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே நல்லதா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜொகூரை 19ஆம் நூற்றாண்டில் வளர்த்த பயிர்கள் மிளகும் கம்பீரும். கம்பீர் இலையைக் காய்ச்சி இறுக்கினால் வெற்றிலையோடு மெல்லும் ஒருவகைக் காசுக்கட்டி கிடைக்கும். அதே ஜொகூரின் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் மிளகுக் குடும்பத்துக் காட்டுக்கொடிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் மதிப்புள்ளவை. ஆனால் அவற்றில் வரும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் கட்டும் நம்பிக்கைகள் சில உயிருக்கே கேடானவை.

நம்பிக்கை 1: ஆய்வகச் சோதனையில் தேறிய மூலிகை நோயைத் தடுக்கும்.

உண்மை: பெரும்பாலான ஆய்வகங்களில் டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் தாவரச் சாற்றைக் கலக்கிறார்கள். சாற்றிலுள்ள பொருள் எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். அந்த மாற்றத்தை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கிறார்கள். குடித்த சாற்றில் எவ்வளவு குடல் வழியே இரத்தத்தில் சேரும், கல்லீரல் அதை என்னவாக மாற்றும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. இதுபோன்ற காரணத்தால்தான் உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012இல் நீக்கியது.

நம்பிக்கை 2: ஆன்டிஆக்ஸிடன்ட் உள்ள செடி தீங்கு செய்யாது.

உண்மை: ஸ்கூடாயின் ஃபரேடியா அகமது, வான் சாலே குழுவினர் பைபர் கேனினம் என்ற காட்டு மிளகுக்கொடியின் எண்ணெயை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எண்ணெய்க்கு ஆன்டிஆக்ஸிடன்ட் செயல்பாடு இருந்தது. அதே எண்ணெயில் மிகுதியாக இருந்தது சாஃப்ரோல்: இலையில் 17.1, தண்டில் 25.5 விழுக்காடு. எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1960இலேயே உணவில் சேர்க்கத் தடைவிதித்த பொருள் அது. ஆய்வாளர்கள் இரண்டையும் எழுதினார்கள். நாம்தான் பாதியை மட்டும் படிக்கிறோம்.

நம்பிக்கை 3: வெற்றிலை பாக்கு போடுவது வாய்க்கு நல்லது.

உண்மை: கம்பீரில் கேட்டச்சின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய உண்டு. ஆனால் தாம்பூலத்தில் காரத்தன்மை கொண்ட சுண்ணாம்பும் சேர்கிறது. பாக்குச் சாறும் காசுக்கட்டியும் கடுமையான காரத்தன்மையில் திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகின்றன என்று 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. காக்கும் என்று நம்பிய பொருளே அங்கே தாக்கும் பொருளாகிறது. புகையிலை சேர்க்காத தாம்பூலமும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிசெய்தது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம். தோட்டப்புறத்தில் வெற்றிலைப் பழக்கத்தோடு வாழ்ந்த நம் பாட்டிமார்களும் அம்மாமார்களும் இதற்குக் கொடுத்த விலை பெரிது.

நம்பிக்கை 4: கூடுதலாக எடுத்தால் கூடுதல் பலன்.

உண்மை: ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது. முடிவு வெளியான ஆண்டு 1994. கேரட்டில் உணவாக வரும் பொருளைப் பிரித்து மாத்திரையாக்கி மிகுதியாகக் கொடுத்தால் விளைவு மாறிவிடுகிறது.

ஆகவே வல்லாரையையும் கீரையையும் காய்கறியையும் உணவாகவே சாப்பிடுவோம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதிய போத்தலை வாங்குமுன் மனிதர்களிடம் சோதித்தார்களா என்று கேட்போம். வீட்டில் வெற்றிலை பாக்கு போடும் பெரியவர் இருந்தால் அவர் வாயை ஒருமுறை பாருங்கள். 2 வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம், இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.