ஒரு அழுத்தம், ஒரு பதிவு



நம்ம சிவகங்கைச் சீமையில் ஓட்டுப் போட்டு வந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலும் பதிவாவது ஒரே ஓட்டுதான். அது எப்படி? விடை நம்ம டிஜிட்டல் லேபிலேயே இருக்கிறது.

கீபேடில் 5-ஐ அழுத்துகிறோம். 74147 என்கோடர் 1010 தருகிறது. அதன் வெளியீடு தலைகீழானது. நான்கு நாட் கேட் போட்டால் 0101. ஆனால் விரலை எடுத்தால் அதுவும் போச்சு! பிடித்து வைக்க 74175 வேண்டும். அதிலுள்ள நான்கு டி ஃபிளிப்-ஃபிளாப்கள், கிளாக் உயரும் கணத்தில் வந்திருப்பதைச் சேமித்துக்கொள்ளும். மூன்று 74175-ஐ வரிசையாக இணைத்துப் பொதுக் கிளாக் கொடுத்தால், புது இலக்கம் வரும்போது பழையது ஓரிடம் நகரும். 4, 5 அழுத்தினால் 0100 0101. இது பிசிடி, சுத்த பைனரியில் 45 என்பது 101101.

கிளாக் எங்கிருந்து வரும்? 'ஏதோ ஒரு கீ அழுத்தப்பட்டது' என்ற சிக்னலே கிளாக். அதில் 0-வையும் சேர்க்க மறக்காதீர்கள். 74147-க்கு 0 அழுத்துவதும் சும்மா இருப்பதும் ஒன்றுதான்!

இத்தனையும் செய்தோம். 5-ஐ ஒருமுறை அழுத்தினால் டிஸ்ப்ளேயில் 555! ஐசி போச்சு என்று இரண்டை மாற்றி, ஒரு மத்தியானம் வீண். குற்றவாளி கீதான். அதன் தகடுகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும். நமக்கு அது ஒரு அழுத்தம், ஃபிளிப்-ஃபிளாப்புக்கு மூன்று. ஆர்-சி இணைப்பும் ஷ்மிட் டிரிக்கரும் போட்டு, கிளாக்கைச் சுமார் 20 மில்லி விநாடி தாமதித்ததும் சரியாயிற்று.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஐதராபாத் இசிஐஎல்லும் தயாரிக்கும் ஓட்டு மெஷின் (எழுத்தாளர் சுஜாதாவுக்கும் அதன் உருவாக்கத்தில் பங்குண்டு) 1982-ல் கேரளத்தின் பரவூரில் முதலில் வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுக்க வந்தது. அதில் அலுவலர் 'பேலட்' பட்டனை அழுத்தினால்தான் ஒரு ஓட்டுக்கு வழி திறக்கும், பதிவானதும் பூட்டிக்கொள்ளும். நம்ம சர்க்யூட்டில் அந்த வேலைக்கு ஒரு எஸ்-ஆர் ஃபிளிப்-ஃபிளாப் போதும். பேலட் அதை செட் செய்யும். பதிவு ரீசெட் செய்யும்.

கடைசியாக ஒரு கணக்கு. 16 வேட்பாளர்களுக்கு 4 பிட். பழைய மெஷினின் உச்சமான 64 பேருக்கு 6 பிட். 1996-ல் மொடக்குறிச்சியில் நின்றவர்கள் 1033 பேர்! 10 பிட் போதுமா? 1024-தான் வரும். மிச்சம் ஒன்பது பேர் வாசலில் நிற்பார்கள். எனவே 11 பிட். சர்க்யூட் போடுமுன் எண்ணிப் பாருங்கள், நண்பர்களே!