முப்பது வேண்டாம், பன்னிரண்டு போதும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியைப் பெரியம்மாவும் வாசித்தா. காலை எட்டு மணிக்குப் பேசாலையில் மீன் கம்பனிக் கணக்கைத் திறந்து, மாலை ஐந்தரைக்கு வீடு வந்து, சாப்பிட்டு முடித்து இரவு போனைப் பார்த்தால் மூன்று பாடங்களின் ஒப்படைகள் நாள் கடந்து நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். வேலையை விடுவதா, திறந்த பல்கலைக்கழகப் படிப்பை விடுவதா என்று கேட்டிருந்தாய். இரண்டையும் விடவேண்டாம், பிள்ளை. முதல் ஆண்டிலேயே முப்பது கிரெடிட்டுக்கும் பதிந்துகொண்டதால் வந்த நெருக்கடி இது. அதைப் பன்னிரண்டாகக் குறை.

கணக்கு எழுதுகிற பிள்ளை நீ, ஆகவே கணக்காகவே பார்ப்போம். இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். முப்பது கிரெடிட் என்றால் 1500 மணி நேரம். ஆண்டின் 52 வாரங்களுக்கும் பிரித்தாலும் வாரத்துக்கு 29 மணி நேரம் வருகிறது. முழுநேர வேலை பார்க்கிறவருக்கு அது இன்னொரு முக்கால் வேலை. பன்னிரண்டு கிரெடிட் என்றால் 600 மணி நேரம். வாரத்துக்கு ஏறத்தாழ பதினொன்றரை. கிழமை நாட்களில் விடியப்புறம் ஒன்றரை மணி நேரம், ஞாயிறு பூசை முடிந்து வந்தபின் நான்கு மணி நேரம். அவ்வளவுதான். இதை உன்னால் செய்யமுடியும்.

மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட் வேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டாகவே போனால் ஏழரை ஆண்டு ஆகும். அதை நினைத்து மலைக்காதே. முதல் ஆண்டு படிக்கும் பழக்கம் பிடிபடுவதற்கு. பிடிபட்டபின் பதினெட்டாகக் கூட்டினால் ஐந்தரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். அந்த ஆண்டுகளில் மாதச் சம்பளமும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

மெதுவாகப் படிப்பது குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. இந்தத் தொலைக்கல்வி முறை உருவானதே வேலை செய்கிறவர்களுக்காக. 1858 இல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே இருந்து படித்தவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று கதவைத் திறந்தது. அந்த வழியால் போனவர்களில் ஒருவர் காரைதீவு மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகள். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் சித்தியடைந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில் லண்டன் பி.எஸ்சி. பரீட்சைக்குப் படித்து 1920 இல் பட்டம் பெற்றார். பகலில் பிள்ளைகளின் பாடம், மிச்ச நேரத்தில் தன்னுடைய பாடம். அவரே 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலாவும் ஜொகன்னஸ்பேர்க்கில் ஒரு சட்ட நிறுவனத்தில் லிகிதராக இருந்தபடி தொலைவிலிருந்து படித்துத்தான் 1943 இல் பி.ஏ. ஆனார்.

பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969 இல் தொடங்கி, 1971 இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. தொழிலாளரும் வீட்டுப் பெண்களும் பார்ப்பதற்கு ஏற்ற நேரங்களில் அதன் பாடங்கள் பிபிசியில் போயின. நாவலையைத் தலைமையிடமாகக் கொண்ட எங்கள் திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் பிறந்தது. உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைப் பாடநெறி ஒன்றால் உள்ளே வரலாம் என்று வைத்த இடம் அது. அந்த இடத்தில் உன்னைப்போல வேலைக்குப் போய்வருகிற மாணவர்கள் புதியவர்கள் அல்ல.

இடையில் விடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் தெரிந்துகொள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய ஒன்லைன் பாடங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019 இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 2017-18 இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் ஏறத்தாழ மூன்று வீதம். ஆனால் பணம் கட்டி, சான்றிதழுக்காகப் பதிந்தவர்களை மட்டும் எடுத்தால் 46 வீதமானோர் முடித்திருந்தார்கள். நீ பணமும் கட்டி, பட்டத்துக்காகவும் சேர்ந்தவள். அப்படிப் பதிந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் விட்டுவிட்டார்கள் என்பதனால்தான் சுமையைக் குறை என்று இவ்வளவு வற்புறுத்துவது.

இனி நாட்காட்டி. கைபேசியில் உள்ளதை விடு. சுவரில் தொங்குகிற கடதாசி நாட்காட்டியை எடு. ஜூலை 2, ஓகஸ்ட் 15 இரண்டும் மடுத் திருவிழா. அந்த வாரங்களில் வீடு நிறைய உறவினர்கள் இருப்பார்கள், படிப்பு நடக்காது. மார்கழியில் நத்தாரும் மழையும். காற்று மாறும்போது மீனவர்கள் மன்னார்த் தீவின் வடகடலுக்கும் தென்கடலுக்கும் இடம் மாறுவார்கள். எந்த மாதங்களில் கம்பனிக்கு மீன் குவியும், எப்போது கணக்குப் பூட்டவேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும். இவற்றை முதலில் குறி. பிறகு ஒப்படைத் திகதிகளை எழுது. இரண்டும் மோதுகிற இடங்களில் ஒப்படையை இரண்டு வாரம் முன்னுக்கு இழு. தொடர் மதிப்பீட்டில் தகுதி பெறாதவருக்கு இறுதிப் பரீட்சை எழுத இடமில்லை. ஆகவே பரீட்சையைவிட ஒப்படைகள்தான் உனக்கு முதல் கவலை.

கரண்டையும் சிக்னலையும் நம்பியிராதே. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், 2020 டிசம்பர் முதல் சுழல்கின்றன. ஆனாலும் அந்த மின்சாரம் தேசிய வலையமைப்புக்கே போகிறது. நாட்டில் கரண்ட் நின்றால் தீவும் இருட்டுத்தான். கம்பனியிலோ நகரத்திலோ நல்ல சிக்னல் கிடைக்கிறபோது அந்த வாரப் பாடங்களை முழுதாக இறக்கி வைத்துக்கொள். முக்கியமான அலகுகளை அச்செடுத்துக்கொள். ஒப்படையைக் கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடு. சூம் வகுப்பு தவறினால் பதிவு இருக்கிறதா என்று அன்றைக்கே கேள்.

களைத்த மூளையோடு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பயன் குறைவு. 2006 இல் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றக் கூட்டம் ஒருமுறை வாசித்து, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது இருமுறை வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 வீதம்தான் நினைவில் நின்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம். ஆகவே விடியப்புறம் ஒரு மணி நேரம் வாசி. கடைசி அரை மணி நேரம் புத்தகத்தை மூடிவிட்டு ஒற்றைக் கடதாசியில் எழுதிப் பார்.

வீட்டில் இதை வாய்விட்டுச் சொல். விடியப்புறம் நாலரை முதல் ஆறு வரை உன்னைக் கூப்பிடக்கூடாது என்று அம்மாவுக்கும் தம்பிக்கும் தெரியவேண்டும். ஞாயிறு மத்தியானச் சமையலும் பாத்திரமும் தம்பியின் பொறுப்பாகட்டும். அவன் ஆம்பிளைப் பிள்ளை என்ற கதை வேண்டாம் என்று பெரியம்மா அம்மாவிடம் பேசிவிட்டா. பரீட்சை நேரசூசி வந்த அன்றே முதலாளியிடம் லீவு கேட்டு எழுத்தில் கொடு. எருக்கலம்பிட்டியிலோ முருங்கனிலோ இதே பாடத்தைப் படிக்கிற ஒருவரைத் தேடிப்பிடி. மாதம் ஒருமுறையாவது நேரில் இருந்து ஒப்படைகளைப் பற்றிப் பேசுங்கள். பரீட்சை யாழ்ப்பாணத்தில் என்றால் 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பாதை குறுகியதுதான், ஆனாலும் அன்றைக்கு விடியப் புறப்படாதே. முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்கு.

இந்தக் கிழமை செய்யவேண்டியது ஒன்றுதான். பல்கலைக்கழக நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, பாடங்களைக் குறைக்கக் கடைசித் திகதி எது, கட்டிய பணத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றலாமா என்று கேள். உன் வேலைக்கு உதவுகிற கணக்கியல் பாடத்தை மட்டும் விடாதே. மற்றவற்றில் எவற்றை வைத்திருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா