மறைந்த கழுகு

இங்கிலாந்தின் சில்செஸ்டர் அகழாய்வில் 1866ஆம் ஆண்டு சிறகிழந்த வெண்கலக் கழுகொன்று கிடைத்தது. கழுகு உரோமப் படையணியின் சின்னம். அதனை இழப்பது படைக்கே இழிவு. பிரிட்டனிலிருந்த ஒன்பதாம் படையணியோ கி.பி. 108ஆம் ஆண்டின் யார்க் கல்வெட்டுக்குப்பின் அந்நாட்டுச் சான்றுகளில் இடம்பெறவில்லை. இவ்விரண்டையும் இணைத்து, ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954இல் ‘ஒன்பதாம் படையணியின் கழுகு’ என்னும் இளையோர் புதினத்தைப் படைத்தார்.

தந்தையோடு மறைந்த கழுகை மீட்க, காலில் காயமுற்றுப் படைப்பணியிழந்த மார்க்கஸ், ஹேட்ரியன் சுவரைக் கடந்து வடக்கே செல்கிறான். துணைவரும் எஸ்கா, அவனுடைய அடிமையாயிருந்த பிரிட்டானியன். புறப்படுமுன்பே விடுதலை பெற்றவன். விலகிச் செல்லும் உரிமையுடையவன் உடன்வருவதே கதையின் உயிர். சாகசங்கள் அதற்கு அடுத்தனவே.

அப்படையணியின் முத்திரை பதித்த ஓடு நெதர்லாந்தின் நைமேகனில் கிடைத்துள்ளது. எனவே, அது பிரிட்டனில் அழிந்ததென்பதை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. சில்செஸ்டர் கழுகும் சிலையொன்றின் பகுதியே என்பர்.